ஏரிகளைக் காட்டியவன் சொன்ன பொய்

காலை ஏழே முக்காலுக்கு டென்மார்க்கின் பிரெடெரிசியா ரயில் நிலையத்தில் நின்றபோதே எனக்குக் கோபம் தொடங்கிவிட்டது. என் கணவருக்குக் கார் இருக்கிறது. சனிக்கிழமை அவருக்கு வேலையும் இல்லை. எங்கள் வீட்டிலிருந்து சில்கபோர்க் ஏரிகளுக்கு ஒரு மணித்தியால ஓட்டம்தான். ஆனால் அந்தப் பக்கம் அவர் காரைத் திருப்பமாட்டார். முப்பது வருடங்களுக்கு முன்னர் தன் தம்பியின் உடலை அடையாளம் காட்டிவிட்டு வந்த நாளிலிருந்து அந்தத் திசையையே தவிர்த்து வருகிறார். அதற்காக நான் அவரோடு ஒருநாளும் சண்டை போட்டதில்லை. ஆனால் யாழ்ப்பாணத்திலிருந்து மூன்று மாத விசாவில் வந்திருக்கும் சொந்த அக்கா வாய்விட்டுக் கேட்டும் மனுசன் அசையவில்லையே என்றுதான் எரிச்சல்.

அந்த அக்கா, அதாவது என் மச்சாள், வெள்ளைச் சப்பாத்தும் என் மகளின் மழைச் சட்டையும் போட்டுக்கொண்டு ரயில் மேடையில் என்னோடு நின்றார். கோப்பாயில் பங்கீட்டுச் சாமான் கொடுக்கும் சங்கக்கடையில் மனேச்சராக இருந்து ஓய்வுபெற்றவர். பேர் விமலாதேவி. தம்பி சிவபாலன் செத்தபோது ஊரில் சண்டை, பாதை பூட்டு. செய்தி போய்ச் சேரவே ஒரு மாதத்துக்கு மேலானது. இங்கே நாங்கள் எல்லாம் முடித்துவிட்டிருந்தோம். அவன் செத்த தண்ணீரை ஒருமுறை பார்க்க வேண்டும் என்பது மட்டும்தான் டென்மார்க்கில் அவருடைய ஒரே விருப்பம். கைப்பையில் ஒரு சின்னப் பொலித்தீன் பையில் எள்ளு வைத்திருந்தார்.

அவன் செத்த அந்தச் சின்ன ஏரிக்குச் சனிக்கிழமைகளில் பஸ் கிடையாது. அதனால்தான் ஓகூஸிலிருந்து புறப்படும் ஒருநாள் சுற்றுலாவுக்கு ரிக்கெற் எடுத்தேன். பஸ், படகு, வழிகாட்டி, கோப்பி எல்லாம் சேர்த்து ஆளுக்கு 495 குரோணர். கடைசித் தரிப்பு அந்த ஏரிக்கரை என்று நிகழ்ச்சிநிரலில் போட்டிருந்தது. ஏரியின் பேரை நான் இங்கே எழுதவில்லை. அதன் கரையில் உள்ளவர்கள் எனக்கு ஒரு குறையும் செய்யவில்லை.

ரயில் வைல, ஹோர்சன்ஸ், ஸ்கான்டபோர்க் என்று போகும். வைலவில் கடலோரமாக வளையும் இடத்தில் மச்சாள் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு கேட்டார்.

"இதுவோ?"

"இல்லை மச்சாள். இது கடல்."

ஸ்கான்டபோர்க்கில் ஓர் ஏரி தெரிந்தது. மறுபடியும் "இதுவோ?" என்றார். அன்று முழுவதும் ஒவ்வொரு தண்ணீரைக் கண்டபோதும் அந்தக் கேள்வி வந்தது.

ஓகூஸ் நிலையத்துக்கு வெளியே ஒன்பதரைக்குப் பஸ் நின்றது. இருபத்தைந்து, முப்பது பேர் இருப்பார்கள். பெரும்பாலும் ஓய்வூதியக்காரர்கள், டென்மார்க்காரர்கள். வழிகாட்டிக்கு ஐம்பது வயதிருக்கும். பச்சை மேலங்கி, சிரித்த முகம், வானொலியில் பேசுகிறவர் போன்ற குரல். யென்ஸ் என்று வைத்துக்கொள்வோம். எங்களைக் கண்டதும் ஆங்கிலத்துக்கு மாறினார். சுற்றுலா முழுவதும் டேனிஷில்தான் நடக்கும், பரவாயில்லையா என்று கேட்டார். பரவாயில்லை, முப்பத்து நாலு வருடமாக இந்த நாட்டில் இருக்கிறேன், இங்கே முதியோர் இல்லத்தில் தாதியாக வேலை செய்கிறேன் என்று டேனிஷில் சொன்னேன். "வெரி குட்!" என்றார் ஆங்கிலத்தில். இந்த அனுபவம் இல்லாத தமிழர் இந்த நாட்டில் இருக்கமாட்டார்கள். அதனால் விழுங்கிக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன்.

சில்கபோர்க் ஓகூஸிலிருந்து மேற்கே நாற்பத்தைந்து கிலோமீற்றர். அங்கே இறங்கிப் படகேற வேண்டும். போகாதவர்களுக்காக நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்: அந்தப் படகுப் பயணம் அழகு. ஒடுக்கமான ஆறு திடீரென்று ஏரியாக விரியும், மறுபடி ஒடுங்கும், இன்னோர் ஏரிக்குள் கொண்டுபோய் விடும். இரண்டு கரையிலும் பீச் மரக்காடு தண்ணீர்வரை இறங்கி நிற்கும். நாணல், மரத்தாலான படகு வீடுகள், கொடிக்கம்பத்தில் சிவப்பு வெள்ளைக் கொடி. பனி யுகத்தில் கிலோமீற்றர் தடிப்பான பனிப்பாறை இந்த நிலத்தின்மேல் கிடந்ததாம். அதன் அடியில் ஓடிய உருகு நீர் அறுத்த பள்ளங்கள்தான் இந்த ஏரிகள், அது தள்ளிவிட்டுப் போன மண்ணும் கல்லும்தான் இந்த மலைகள் என்று யென்ஸ் ஒலிவாங்கியில் விளக்கினார். நன்றாகத்தான் விளக்கினார். நான் மச்சாளுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். மச்சாள் பாதி கேட்டார், பாதி தண்ணீரைப் பார்த்தார்.

"இதுவோ, ரஞ்சி?"

"இது யூல்சோ எண்ட ஏரி மச்சாள். அது இன்னும் அங்கால."

யூல்சோவின் கரையில் இறங்கினால் ஹிம்மெல்பியர்கெத். வானத்து மலை என்று பொருள். உயரம் நூற்று நாற்பத்தேழு மீற்றர். படகுத்துறையிலிருந்து காட்டுக்குள்ளால் செங்குத்தான பாதை. மச்சாள் மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கி, உச்சியில் ஏறிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுக்கோ மலை எண்டு பேர் வைச்சவை?" என்றார். மேலே செங்கல் கோபுரம் ஒன்று. அதைச் சுற்றி ஊதாப் பூப் பூத்த புதர். கீழே ஏரி வெள்ளித் தகடுபோல் கிடந்தது. மச்சாள் முதன்முறையாகச் சிரித்தது அங்கேதான். ஒரு டேனிஷ் கிழவர் தன் ஐஸ்கிறீமைக் காட்டி ஏதோ சைகை செய்ய, இவரும் சைகையால் பதில் சொன்னார். நல்ல நாளாகப் போகிறது என்று நான்கூட நினைத்தேன்.

மலை உச்சியின் வாகனத் தரிப்பிடத்தில் பஸ் எங்களை ஏற்றிக்கொண்டது. மதியம் இரண்டு மணி தாண்டியிருக்கும். சின்னத் தெருக்கள், சோளம், குதிரைகள். அரை மணித்தியாலம் போனதும் மரங்களுக்கிடையில் ஒரு நீளமான ஏரி தெரிந்தது. எதிர்க்கரையில் ஓட்டுக் கூரை போட்ட பழைய விடுதி. எனக்கு அந்த இடம் தெரியும். மச்சாளின் கையைப் பிடித்தேன். அவர் இம்முறை ஒன்றும் கேட்கவில்லை.

அப்போது யென்ஸ் ஒலிவாங்கியை எடுத்தார்.

"இந்த ஏரிக்கு ஒரு கதை இருக்கிறது" என்றார். "முப்பது வருடங்களுக்கு முன் இந்தக் கிராமத்துக்கு ஓர் அகதி வந்து சேர்ந்தான். சிலோனோ, எங்கோ, சூடான நாடு. அவனுக்கு அது முதல் குளிர்காலம். ஒருநாள் கதவைத் திறக்கிறான். முன்னால் பெரிய வெள்ளை மைதானம்! ஆகா, நகரசபை எனக்குக் குறுக்குவழி போட்டுத் தந்திருக்கிறதே என்று சந்தோசமாக நடக்கத் தொடங்கினான்." ஓர் இடைவெளி விட்டார். அந்த இடைவெளியைப் பல தடவை பழகியிருக்கிறார் என்பது தெரிந்தது. "நடு ஏரிக்கு வந்த பிறகுதான் அவனுக்குத் தெரிந்தது, அது மைதானம் இல்லை என்று."

பஸ் சிரித்தது.

"அதற்குப் பிறகு இங்கே அகதிகளுக்கு மொழி வகுப்பில் முதல் சொல்லிக்கொடுக்கிற சொல் 'பனிக்கட்டி'யாம்."

இன்னும் பெரிய சிரிப்பு. என் பக்கத்திலும் ஒரு சிரிப்புச் சத்தம். திரும்பிப் பார்த்தேன். மச்சாள் சிரித்துக்கொண்டிருந்தார். எல்லோரும் சிரிக்கிறார்களே, பேசாமல் இருந்தால் மரியாதை இல்லை என்று விருந்தாளிபோலச் சிரித்தார்.

"என்னவாம்?" என்றார் சிரிப்பு மாறாமல். "என்னத்துக்குச் சிரிக்கினம்? சொல்லன்."

"ஒண்டுமில்லை மச்சாள். சும்மா ஏதோ பகிடி."

'பகிடி' என்ற சொல் என் வாயிலிருந்து வந்தபோது என் காது இரண்டும் அடைத்துவிட்டது. இத்தனை வருட வேலையில் என் கையை நோயாளிகள் கடித்திருக்கிறார்கள், கறுப்பி என்று திட்டியிருக்கிறார்கள். அப்போதெல்லாம் வராத கோபம் அது. கையில் தண்ணீர்ப் போத்தல் இருந்தது. அதை எறியாமல் இருக்க மடியில் வைத்து இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

உண்மையை எழுதுகிறேன். சிவபாலனுக்கு அது முதல் குளிர்காலம் இல்லை, ஐந்தாவது. எதிர்க்கரை விடுதியின் சமையலறையில் கோப்பை கழுவினான். கிராமம் இந்தக் கரையில். தெருவால் போனால் ஏரியைச் சுற்றி ஆறு கிலோமீற்றர். ஏரி உறைந்து இறுகிய காலத்தில் ஊர்ச்சனம் எல்லாம் பனிக்கு மேலால்தான் நடந்தார்கள். பாதை தெரிய ஊசியிலை மரக்கிளைகளை வரிசையாகக் குத்தி வைத்திருந்தார்கள். அவனோடு வேலை செய்தவர்களும் அதே வழியால்தான் வந்து போனார்கள். அன்று காலைகூடப் பள்ளிப் பிள்ளைகள் அதில் நடந்தார்கள். பகலில் காற்று மாறியது, பனி இளகியது. வேலை முடிந்து தனியே வந்தவன், காலடியில் பனி உடைந்து உள்ளே போய்விட்டான். அவ்வளவுதான். அன்று அந்த வழியில் யார் வந்திருந்தாலும் அதுதான் நடந்திருக்கும்.

நான் இந்த நாட்டுக்கு வந்த முதல் மார்கழியில் எனக்குப் பனியில் நடக்கப் பழக்கியவன் அவன். "அண்ணி, குதிக்காலை ஊண்டாதேங்கோ. தாரா மாதிரி நடவுங்கோ" என்று முன்னால் வாத்துப்போல் அசைந்து அசைந்து நடந்து காட்டுவான். நான் விழுந்தால் தானும் வேண்டுமென்று விழுவான். அவனுக்கா பனிக்கட்டி தெரியாது?

பஸ் கரையோரம் நின்றது. கோப்பிக்கு முக்கால் மணித்தியாலம். புல்லில் மேசை போட்டு, கேக் வைத்திருந்தார்கள். மச்சாளைத் தண்ணீர்ப் பக்கமாக ஒரு மர வாங்கில் இருத்திவிட்டு யென்ஸிடம் போனேன்.

"நீங்கள் சொன்ன கதையில் வந்த ஆள் என் கணவரின் தம்பி" என்றேன். "அதோ அங்கே இருக்கிறவர் அவனுடைய அக்கா. எட்டாயிரம் கிலோமீற்றர் தாண்டி அவன் செத்த இடத்தைப் பார்க்க வந்திருக்கிறார்."

யென்ஸின் முகம் மாறியது. ஆனால் அடுத்து அவர் கேட்டது இது: "அதே ஆள்தான் என்று உங்களுக்கு நிச்சயமா?"

"இந்த ஏரியில் எத்தனை தமிழர் செத்தார்கள்? உங்களுக்குத்தானே கதை தெரியும். சொல்லுங்கள்."

"நான் இதை உருவாக்கவில்லை. முன்பிருந்த வழிகாட்டி சொன்னது. எல்லோரும் சொல்கிற கதை. கேலியாக இல்லை, ஒரு அன்போடுதான்…"

"செத்தவனை வைத்துச் சிரிக்க வைப்பதில் என்ன அன்பு?"

என் சத்தம் கூடிவிட்டது. மேசையிலிருந்த ஒரு பெண்மணி, வெள்ளை முடியை அழகாகச் சீவியிருந்தவர், எழுந்து வந்து என் முழங்கையைத் தொட்டார். "உங்கள் துக்கம் விளங்குகிறது. ஆனால் எவ்வளவு நல்ல வெயில்! இதைப் பிறகு ஆறுதலாகப் பேசிக்கொள்ளலாமே" என்றார். முழங்கையை விலக்கிக்கொண்டேன். "உங்கள் தம்பியென்றால் பிறகு பேசுவீர்களா?" என்று கேட்டேன். அவர் போய்க் கேக்கின் முன்னால் உட்கார்ந்தார்.

யென்ஸ் ரிக்கெற் காசைத் திருப்பித் தருவதாகச் சொன்னார். அதற்கு நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

மச்சாள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். கிட்டப் போனதும், "ரஞ்சி, நீ அவனோட என்னத்துக்குக் கொழுவுறாய்? அப்பவும் பகிடி எண்டாய், முகம் வேற மாதிரிக் கிடந்தது. உண்மையைச் சொல்லு" என்றார்.

சங்கக்கடையில் முப்பது வருடம், வரிசையில் நின்றவர்களின் கள்ளத்தை முகத்தில் வாசித்தவர். மறைக்க முடியவில்லை. சொன்னேன். குறைக்காமல், அந்த மொழி வகுப்புப் பகிடி வரைக்கும் சொன்னேன்.

எதிர்க்கரை விடுதியைப் பார்த்தார். பிறகு சொன்னார்.

"நான் சிரிச்சனான்."

"தெரியாமத்தானே மச்சாள்."

"சிரிச்சனான் எல்லோ. என்ர தம்பி செத்த கதைக்கு, அவன்ர ஏரிக்குப் பக்கத்தில இருந்து, பல்லைக் காட்டிச் சிரிச்சனான்."

எழுந்து தண்ணீரண்டை போனார். சப்பாத்தைக் கழற்றவில்லை, அப்படியே கணுக்கால்வரை இறங்கினார். தண்ணீர் தெளிவாக இருந்தது, அடியில் கூழாங்கற்கள் தெரிந்தன. பெண்கள் எள்ளுத் தண்ணீர் இறைப்பதில்லை என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். பையை அவிழ்த்து எள்ளைக் கையில் கொட்டித் தண்ணீர் அள்ளி மூன்று தரம் விட்டார். வாய்க்குள் ஏதோ சொன்னார். கடைசியில் பெரிதாக "பாலன்" என்று ஒருமுறை கூப்பிட்டார். கோப்பி மேசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எள்ளு கொஞ்ச நேரம் மிதந்து, பிறகு நாணலுக்குள் போய்விட்டது.

திரும்பி வந்தபோது அவர் அழுதுகொண்டிருக்கவில்லை. நேராகப் பஸ்ஸடிக்குப் போனார். எல்லோரும் ஏறும்வரை வெளியே நின்றார். பிறகு முதல் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, கதவைப் பூட்ட விடாமல் நின்றார்.

"அவனை அந்த மைக்கில சொல்லச் சொல்லு. முன்னம் சொன்னது பொய்யெண்டு."

"நான் சொல்லுறன் மச்சாள். எனக்கு டேனிஷ் வடிவாய் வரும்."

"நீ சொல்லாத. பொய் சொன்னவன்தான் திருத்திச் சொல்லோணும். சிரிச்ச ஆக்கள் எல்லாரும் கேக்கோணும். அவன் சொல்லுமட்டும் நான் ஏறமாட்டன்."

மொழிபெயர்த்தேன். யென்ஸ் கடிகாரத்தைப் பார்த்தார். ஓகூஸில் ஐந்தரைக்கு நிற்க வேண்டும், சிலருக்கு ரயில் இருக்கிறது, நிறுவனத்திடம் சொல்லி மன்னிப்புக் கடிதம் அனுப்பச் செய்கிறேன் என்றார். மச்சாளுக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை. கைப்பிடியை இன்னும் இறுக்கிப் பிடித்தார். சாரதி இயந்திரத்தை நிறுத்திவிட்டார். பஸ்ஸுக்குள் ஓர் இருமல் கேட்டது.

யென்ஸ் ஒலிவாங்கியை எடுத்தார்.

"நான் சொன்ன கதை சரியில்லை" என்று தொடங்கினார். நான் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். ஐந்தாவது குளிர்காலம். ஊர்ச்சனம் போட்ட பாதை. பள்ளிப் பிள்ளைகள். மாறிய காற்று. அவர் திருப்பிச் சொன்னார். பேருக்கு வந்ததும் தடுமாறினார். "சிவ… பலான்."

"பாலன்" என்றார் மச்சாள் படியிலிருந்து.

"சிபாலன்."

"சிவ-பாலன்."

மூன்றாம் தரம் சரியாக வந்தது. மச்சாள் தலையாட்டினார். யென்ஸ் வியர்வையைத் துடைத்துக்கொண்டு முடித்தார்: "யாருடைய மனமாவது நொந்திருந்தால் மன்னிப்புக் கேட்கிறேன்."

"என்னவாம்?" என்றார் மச்சாள்.

"ஆருக்கும் மனம் நொந்திருந்தா மன்னிக்கட்டாம்."

"இருந்தாவோ?" குரல் உயர்ந்தது. "என்ர மனம் நொந்ததோ இல்லையோ எண்டு அவனுக்கு இன்னும் சந்தேகமோ? அந்த 'இருந்தா'வை எடுக்கச் சொல்லு."

அதையும் சொன்னேன். யென்ஸ் என்னைப் பார்த்தார், படியில் நின்றவரைப் பார்த்தார். பிறகு, ஒலிவாங்கியைத் தாழ்த்திவிட்டு, மச்சாளை நேரே பார்த்து, "மன்னித்துக்கொள்ளுங்கள். நான் பிழை செய்தேன்" என்றார். அதை மொழிபெயர்த்தேன். "மைக்கில" என்றார் மச்சாள். மைக்கிலும் சொன்னார். அதற்குப் பிறகுதான் மச்சாள் ஏறினார்.

யாரும் கைதட்டவில்லை. வெள்ளை முடிப் பெண்மணி சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். மலையில் ஐஸ்கிறீம் காட்டிய கிழவர் மட்டும், நாங்கள் கடந்தபோது தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். மச்சாள் அவரையும் பார்க்கவில்லை. ஓகூஸில் இறங்கும்போது யென்ஸ் கையை நீட்டினார். மச்சாள் தன் ஈரச் சப்பாத்துக் கால்களைப் பார்த்து நடந்து போய்விட்டார்.

திரும்பும் ரயிலில் அவருடைய காலுறைகளைக் கழற்றிப் பிழிந்து சன்னல் கம்பியில் தொங்கவிட்டேன். அந்த ஏரிகளுக்குப் போகாதீர்கள் என்று உங்களுக்குச் சொல்ல எனக்கு மனமில்லை. பனிப்பாறை அறுத்துவிட்டுப் போன அந்தத் தண்ணீருக்கு ஒரு குற்றமும் இல்லை. ஆனால் ஊரில் ஒரு சாவைச் சொல்லும்போது இன்னாரின் மகன், இன்னாரின் தம்பி, இன்ன இடத்தில் வேலை செய்தவன் என்று தொடங்குவோம். அப்படிச் சொன்ன பிறகு அதை வைத்துப் பகிடி விட எவருக்கும் வாய் வராது. இங்கே எங்களில் ஒருவன் முப்பது வருடமாகப் பேரில்லாமல், தாயில்லாமல், வேலையில்லாமல், வெறும் "சூடான நாட்டுக்காரன்" என்று கோப்பிக்கு முன்னால் பரிமாறப்பட்டிருக்கிறான். எத்தனை பஸ் சிரித்திருக்கும் என்று எண்ணிப் பார்த்தேன். இதை எழுதும்போதும் எண்ணுகிறேன்.

ஹோர்சன்ஸ் தாண்டியதும் மச்சாள் கேட்டார்.

"வாற சனிக்கிழமையும் இவன் சனத்தை ஏத்திக்கொண்டு அங்க போவானோ?"

"ஓம். கிழமைக் கிழமை போற பஸ் அது."

"நாங்கள் இல்லாட்டி பழைய கதையைத்தான் சொல்லுவானோ?"

"தெரியாது மச்சாள்."

மச்சாள் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்ப வாற சனிக்கிழமைக்கும் ரிக்கெற் எடு."

கைத்தொலைபேசியை எடுத்து, ரயில் வைலவை அடைவதற்குள் எடுத்துவிட்டேன். இரண்டு இருக்கைகள், முன்வரிசையில், ஒலிவாங்கிக்கு நேர் எதிரே.